வானம் வரிவரியாக வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். வாட்டர்கலரில் வானத்துக்கு ஒரே சீராக வாஷ் (தண்ணீரில் கரைத்த நிறத்தைப் பரவலாகப் பூசுவது) போடச் சொன்னால், பாதிப் பேருக்குக் கோடு கோடாக விழுகிறது. மீதிப் பேருக்குக் காலிஃபிளவர் மாதிரித் திட்டு. கை பழகவில்லையா, விலை கூடிய பிரஷ் வேண்டுமா?

பதில்: இரண்டும் இல்லை. தாளைப் பாருங்கள். சாதாரண டிராயிங் தாள் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். இரண்டாவது இழுப்புக்குள் முதல் இழுப்பின் ஓரம் காய்ந்துவிடும், அதுதான் கோடு. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் கொடுங்கள். அட்டையில் 'வாட்டர்கலர் பேப்பர்' என்று கொட்டை எழுத்தில் இருந்து, ஜிஎஸ்எம் எண் மட்டும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிகளுக்கு மொத்தமாக சப்ளை செய்பவர்கள் 24 நிறப் பெட்டியைக் காட்டி மயக்குவார்கள். மூன்று நிறம் போதும், மிச்சக் காசு தாளுக்கு. குறைந்த கொட்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருநாளாவது அந்தத் தாளில் ஒரு வாஷ் போட்டுப் பார்க்கட்டும்!

பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகத்தைச் செருகிச் சாய்த்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தேவைக்கு இரண்டு மடங்கு கரையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே அடர்த்தி திரும்ப வராது. மேலிருந்து ஒரே இழுப்பு. அதன் கீழ் ஓரத்தில் நிறத்தண்ணீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். போட்ட இடத்துக்குத் திரும்பவே கூடாது. அடியில் தேங்குவதைப் பிழிந்த பிரஷால் ஒற்றி எடுங்கள். விட்டால், அரைகுறையாய்க் காய்ந்த இடத்துக்கு அது திரும்ப ஏறும். உங்கள் காலிஃபிளவர் அப்படி முளைத்ததுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அல்ட்ராமரைன் நீலம் எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் பொடிப்பொடியாகத் தெரியும். அதன் துகள்கள் தாளின் சின்னக் குழிகளில் போய்ப் படிந்துவிடும். அது நிறத்தின் குணம். இதைத் தப்பு என்று மதிப்பெண் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகமா? அதே பிள்ளைக்கு அதே தாளில், பொடியாகப் படியாத தாலோ நீலத்தைக் கொடுத்துப் பாருங்கள். வழவழவென்று வந்தால் கை சரி. பொடி எங்கும் பரவலாக இருந்தால் நிறம். ஓரம் கட்டி நின்றால்தான் தாளோ கையோ.

கடைசியாக, காயும்வரை சாய்வை மாற்றாதீர்கள். 40 நிமிடப் பீரியடில் மணி அடித்ததும் ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாங்குகிறோமே, அதை முதலில் நிறுத்துங்கள். 25ஆவது நிமிடத்தில் பிரஷைக் கழுவச் சொல்லிவிடுங்கள்.