தூங்குறது வேடந்தாங்கல், சாப்பாடு உங்க வயல்ல!

வாசகர் கேள்வி பகுதிக்கு இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல பறவைய பத்திதான், சீசன் ஆரம்பிச்சிடுச்சுல்ல.

வேடந்தாங்கலுக்கு வர்ற பறவை எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்து இங்க முட்டை போட்டு குஞ்சு பொரிச்சுட்டு போகுதுன்னு பொண்ணுக்கு ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்களாம், நிஜமா சார்?
– வாசகி, தாம்பரம்

பாதிதான் நிஜம்மா. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரி வாத்துங்க வடக்க குளிர் தாங்காம வருது, ஆனா அதுங்க இங்க கூடு கட்டாது, நல்லா தின்னு தெம்பேத்திக்கிட்டு திரும்ப போய் அங்கதான் முட்டை போடும். மரம் கொள்ளாம கூடு கட்டி உட்கார்ந்திருக்கே கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சமூக்கு நாரை, அரிவாள்மூக்கன், அதெல்லாம் நம்ம நாட்டு ஆளுங்க, மழைய பார்த்து ஊர் மாறிக்கிட்டே இருக்கும். அடுத்த தடவ போனா பைனாகுலர்ல நத்தைகுத்தியோட அலகை பாருங்க, வாய மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், ஆனா குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும்.

ஏரி என்னவோ சின்னதுதான், அதுக்கு சுத்தி 5 கிலோமீட்டர் சரணாலயம்னு வெச்சு எங்கள ஏன் படுத்தணும்?
– வாசகர், மதுராந்தகம்

கோவம் புரியுதுங்க. ஏரி 30 ஹெக்டேர் சொச்சம்தான், சரி, அத்தனை ஆயிரம் பறவைக்கும் அதோட குஞ்சுங்களுக்கும் அந்த தண்ணில மீன் எங்க இருந்து வரும்? அது பிரசவத்துக்கு வந்த தாய்வீடு மாதிரி, அவ்வளவுதான். விடிஞ்சதும் கிளம்பி சுத்துப்பட்டு ஏரி, தாங்கல், நெல்லு வயல்னு அலைஞ்சு மீனு, நத்தை, தவளைய முழுங்கிட்டு வந்து கூட்டுல கக்கி குஞ்சுக்கு குடுக்கும். அந்த வயலெல்லாம் பிளாட் ஆகிட்டா ஏரிக்கு எத்தனை வேலி போட்டும் என்ன பிரயோஜனம்? 1998ல 5 கிலோமீட்டர்னு போட்டதுக்கு அர்த்தம் அதுதான். 2020ல அத 3 ஆக்கலாம்னு ஒரு பேச்சு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு, அப்புறம் வாபஸ் ஆச்சு, நல்லதுதான்.

இன்னொண்ணு, இந்த பாதுகாப்பு மேல இருந்து யாரோ உங்க ஊர் மேல திணிச்சது கிடையாது. வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவைய சுட்டுத் தள்ளினப்போ உங்க பக்கத்து ஜனங்கதான் கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் நின்னு 1798ல எழுதி வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி பாஞ்சா பயிர் எவ்வளவு செழிப்பா வரும்னு அவங்களுக்கு தெரியும், லாபக்கணக்கும் சேர்த்துதான் பார்த்தாங்க, அதுல என்ன தப்பு?

எங்க ஊர் கண்மாய தூர் வாரப் போறோம், சீமைக்கருவேலத்த ஒண்ணு விடாம எடுத்துட்டு கரைய சுத்தி வாக்கிங் போற மாதிரி பண்ண பிளான். பறவையும் வரணும்னு ஆசை. ஐடியா குடுங்க.
– இளைஞர் மன்றம், சிவகங்கை மாவட்டம்

தம்பிங்களா, ஆசை நல்ல ஆசை, ஆனா ஜேசிபிய வரச்சொல்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி மரத்துல கூடு இருக்கான்னு பாருங்க. சீமைக்கருவேலம் எனக்கும் பிடிக்காதுதான், ஆனா வேற மரமே இல்லாத கண்மாய்ல கொக்கும் நீர்காகமும் அதுலதான் கூடு கட்டும், குஞ்சு இருக்கற நேரத்துல வெட்டினா மொத்தமும் கீழ விழுந்து சாகும். அதனால முதல்ல நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் வைங்க, அதுங்க தலைதூக்கினதும் இத கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ரெண்டுமே தண்ணில நின்னாலும் சாகாது, வேடந்தாங்கல்ல கூடு தாங்குறதே அதுங்கதான்.

அப்புறம் ஆழம். நாலு பக்கமும் செங்குத்தா தோண்டி விட்டுட்டு முடிஞ்சதுன்னு போயிடாதீங்க, மஞ்சமூக்கு நாரை வாய பாதி திறந்து தண்ணிக்குள்ள துழாவிக்கிட்டே நடந்து மீன் புடிக்கிற பறவை, அது நடக்கறதுக்கு முழங்கால் தண்ணி வேணும். மடை பக்கம் ஆழமா எடுங்க, மறுகரைய சரிவா விடுங்க, எடுத்த மண்ண நடுவுல ரெண்டு மூணு திட்டா போட்டு அதுமேல மரம் வைங்க, சுத்தி தண்ணி நின்னா நாய் பூனை போகாது. வாக்கிங் பாதைய ஒரு பக்கத்தோட நிறுத்துங்க, கலர் லைட் தயவுசெஞ்சு வேணாம். வரத்துக்கால்வாய் அடைபட்டு கிடந்தா இது அத்தனையும் வேஸ்ட், அத முதல்ல பாருங்க.

உங்க மாவட்டத்துலயே கொல்லுக்குடிப்பட்டி இருக்கு, பறவைக்காக தீபாவளிக்கே வெடி போடாத ஊரு. ஒரு ஞாயித்துக்கிழமை போய் பெரியவங்ககிட்ட பேசிட்டு வாங்க.

கூடு இருக்கற மரத்துக்கு மேல டிரோன் விட்டு வீடியோ எடுக்கலாமா?
– வாசகர், கோவை

கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தா காக்கா முட்டைய தூக்கிடும்.

ரோட்டோரமா மடையான் கறி விக்கிறாங்க, ருசியா இருக்குன்னு நண்பர் கூப்பிடறார்.
– வாசகர், விழுப்புரம்

போகாதீங்க. புடிக்கிறது, விக்கிறது, வாங்கறது எல்லாமே 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம். மடையான் சின்ன கொக்குதானேன்னு நினைக்காதீங்க, சட்டத்துக்கு சைஸ் கணக்கில்ல. விக்கிற இடத்த வனத்துறைக்கு சொல்லிடுங்க.

பையனுக்கு பறவைன்னா உயிரு, லீவுல என்ன பண்ண வைக்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

கூந்தன்குளம் பக்கத்துலயே இருக்கு, கூட்டிட்டு போங்க, இமயமலைய தாண்டி வர்ற வரித்தலை வாத்து குளிர்காலத்துல அங்க வரும். பொங்கல் லீவுல வருஷா வருஷம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, ஒரு இடத்துல கால் மணி நேரம் நின்னு கண்ணுல பட்டத எண்ணி ஈபேர்ட் ஆப்ல போடணும், வீட்டு மொட்டைமாடில இருந்தே பண்ணலாம். காக்கா, மைனாவையும் விடாம எண்ணச் சொல்லுங்க.