ஆண்டுகளை ஒப்பித்தால் போதுமா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பிள்ளைகள் ஆண்டுகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், ‘ஏன்’ என்று கேட்டால் முழிக்கிறார்கள். இந்த வயதில் என்னதான் கற்றிருக்க வேண்டும்?

பதில்: ஆண்டுகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் காரணம் பேசவே முடியாது. ஆனால் அதோடு நிற்கக் கூடாது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார், சரியாக ஒரு மாதத்தில் முதல் உலகப் போர். சுட்டதால்தான் போர் வந்ததா, அல்லது கூட்டணிகளும் ஆயுதப் போட்டியும் ஏற்கெனவே நிலைமையை முற்ற விட்டிருந்தனவா என்று ஒரு பிள்ளை வாதாடினால் அதுதான் கற்றல்.

அப்புறம், சான்றைக் கேள்வி கேட்பது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்ததை ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி பதினேழு வயதில் வளைகுடாவின் மறுகரையிலிருந்து பார்த்தார், ஆனால் எழுதியதோ பல ஆண்டுகள் கழித்து, அந்த வெடிப்பில் தன் மாமா இறந்த விதத்தைக் கேட்ட வரலாற்றாசிரியர் டாசிடஸுக்காக. எதை நேரில் பார்த்தார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார், மாமாவை ஏன் இவ்வளவு துணிச்சலானவராகக் காட்டுகிறார் என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும்.

பாடத்தின் குறிக்கோள் எழுதும்போது ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதாதீர்கள், அதை எப்படிச் சோதிப்பீர்கள்? ‘இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு, எதை நம்பலாம் என்று காரணத்தோடு ஒரு பத்தி எழுதுவர்’ என்றால் விடைத்தாளிலேயே தெரிந்துவிடும்.