அட்வான்ஸ் ஃபார்ஃபிட் ஆகுமா?

கேள்வி: 'ஃபார்ஃபிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'இழத்தல்' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்ததையும் அப்படிச் சொல்லலாமா? புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மகன் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, "அட்வான்ஸ் ஃபார்ஃபிட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் வீட்டுக்காரர். ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்பே சொல்லித்தான் காலி செய்தான். வாடகை பாக்கியும் இல்லை.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: குடைக்கு அந்தச் சொல் பொருந்தாது. குடை மறதியில் தொலைந்தது. ஃபார்ஃபிட் என்றால், முன்பே ஒரு நிபந்தனை இருந்து, அதை மீறியதாலோ நிறைவேற்றாததாலோ கைப்பணமோ உரிமையோ பறிபோவது. (உச்சரிப்பு 'ஃபிட்'தான், பலரும் 'ஃபீட்' என்று நீட்டுகிறார்கள்.)

'டெபாசிட் காலி' என்று தேர்தல் நேரத்தில் சொல்கிறோமே, அதுதான் நேர்ப் பொருள். சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. தோற்றவர் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் பணம் திரும்பும். புதுச்சேரித் தொகுதி ஒன்றில் 24,000 செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,001 வாங்கியவர் தப்பித்தார். சரியாக 4,000 வாங்கியவருக்குப் பணம் போச்சு. ஆனால் மனு தாக்கல் செய்யும்போதே அந்த விதி அவருக்குத் தெரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். 'ஃபோர்ஃபே' என்றால் இன்று மொத்தமாகப் பேசிய கட்டணம். அதே எழுத்தில் உள்ள பழைய சொல்லுக்குக் கொடுங்குற்றம் என்று பொருள். ஆங்கிலத்துக்குப் போனது அந்தக் குற்றம்தான். பெருங்குற்றவாளியின் நிலபுலன்களைப் பறிக்கும் வழக்கத்தை இங்கிலாந்து 1870இல்தான் சட்டம் போட்டு ஒழித்தது. இத்தனை கனமான சொல்லை, சொன்னபடி நடந்த ஒரு பையன்மீது வீசுவது அநியாயம்.

இன்னொரு நுணுக்கம்: பொது வழக்கில் இந்த வினைக்கு எழுவாய் பணத்தைப் பறிகொடுத்தவர். வேட்பாளர்தான் டெபாசிட்டை ஃபார்ஃபிட் செய்கிறார். டெண்டர் நோட்டீசுகளில் வாங்கி வைத்துக்கொள்ளும் அலுவலகத்தை எழுவாயாக்கி எழுதுவதும் உண்டு. அந்த நடையைத்தான் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒப்பந்தம் மீறப்பட்டாலும்கூட, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. உங்கள் மகன் எதையும் மீறவில்லை. எந்த ஷரத்தை எப்போது மீறினான், எதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். கரண்ட் பில் பாக்கி, உடைந்த கண்ணாடி என்று உண்மையாக ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளட்டும். மீதியைத் தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் விடுங்கள்.