ஏ.பி.எஸ். விளக்கு அணையாத பழைய டூரிங் பைக்

கேள்வி: 1990களில் வந்த என் டூரிங் பைக்கில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணைவதே இல்லை. ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழுது பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் யூனிட்டில் கை வைப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 1988-இல் பி.எம்.டபிள்யூ. கே100 வரிசையில் தொடங்கிய அந்தத் தலைமுறை ஏ.பி.எஸ்.கள் மின்னழுத்தக் குறைவைப் பொறுத்துக்கொள்வதில்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியில் வைத்த வோல்ட்மீட்டர் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், யூனிட் நல்ல நிலையில் இருந்தாலும் விளக்கு எரியக்கூடும். அடுத்து, சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றி அதன் முனையைத் துடையுங்கள். அதிலுள்ள காந்தத்தில் இரும்புத் துகள்கள் கருஞ்சேறு போல அப்பியிருக்கும். சக்கரத்தோடு சுழலும் பல்சக்கரத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைச் சர்வீஸ் கையேட்டின்படி ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சரிபார்ப்பதும் அவசியம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மட்டுமே யூனிட்டைச் சந்தேகிக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயில் உள்ளிருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்து இறுக்கிவிடுகிறது. பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்வதும், சர்க்யூட் போர்டின் சால்டர் விரிசல் விடுவதும் உண்டு. இவற்றை அனுபவமுள்ள எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் சரிசெய்ய முடியும். வால்வுப் பகுதியை மட்டும் வீட்டில் பிரிக்கவே வேண்டாம். யூனிட்டைத் திரும்பப் பொருத்திய பின், கையேடு குறிப்பிடும் புதிய ஆயிலை ஊற்றி, யூனிட்டிலுள்ள பிளீடர் திருகுகள் வழியாகவும் காற்றை முழுமையாக வெளியேற்றுங்கள்.