டென்ட்டுக்குச் சுவர் துணிதான்: கேம்பிங் ஃபெஸ்டிவலுக்குக் கிளம்புறவங்க கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம். கோடை லீவுல மூணு நாலு நாள் வெட்டவெளில டென்ட் போட்டுத் தங்கி, பாட்டு ஆட்டம்னு இருக்கற ஃபெஸ்டிவலுக்கு முதல் தடவையா நிறைய பேர் கிளம்புறீங்க போல. சரி, இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. நானும் பத்து பன்னெண்டு தடவை போயி அடிபட்டு மிதிபட்டு வந்தவதான், அதனால கொஞ்சம் உரிமையாவே திட்டுவேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நாங்க மூணு ஃப்ரெண்ட்ஸ் நாலு நாளைக்குப் போறோம். ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் தர்றாங்க, ஒரு லிஸ்ட்ல 70 ஐட்டம் இருக்கு! மூணு பேர் டென்ட் ஒண்ணு வாங்கியாச்சு. வேற என்னதான் முக்கியம்?

மொதல்ல அந்த டென்ட்டுக்கே வருவோம் தம்பி. மூணு பேர் டென்ட்னா தீப்பெட்டில குச்சி அடுக்கின மாதிரி மூணு பேர் படுக்கலாம், அவ்ளோதான், பை செருப்பு எல்லாம் வெளிய கெடக்கும், நைட்டு பனில ஊறும். மூணு பேருக்கு அஞ்சு பேர் டென்ட் எடுக்கறதுதான் சரி. முடிஞ்சா மாத்திக்கோங்க.

அப்புறம், கிளம்பறதுக்கு முன்னாடி மொட்டை மாடிலயோ வாசல்லயோ ஒரு தடவை முழுசா போட்டுப் பாத்துடுங்க. நான் ஒரு தடவை பையைப் பிரிக்காம அப்படியே தூக்கிட்டுப் போயி, இருட்டினப்புறம் பிரிச்சா உள்ள துணி இருக்கு, ஆணி இருக்கு, கம்பி மட்டும் இல்ல. முந்தின தடவை காய வெச்சப்ப கம்பியை தனியா எடுத்து வெச்சது வீட்டு அலமாரிலயே பத்திரமா இருந்திருக்கு. பக்கத்து டென்ட்காரங்க ஒரு பெரிய தார்ப்பாயை குடுத்து உதவலன்னா அன்னைக்கு நட்சத்திரம் எண்ணிக்கிட்டுதான் படுத்திருக்கணும்.

லிஸ்ட்ல முக்கியமானதுன்னு பாத்தா தூக்கம், தண்ணி, நிழல், வெளிச்சம், இந்த நாலுக்கு வேண்டியது போதும். தூக்கத்துக்கு ஸ்லீப்பிங் பேக்கை விட கீழ விரிக்கற மேட்தான் முக்கியம், ஏன்னா தரை ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், உங்க எடைல அமுங்கிப் போன ஸ்லீப்பிங் பேக் அதைத் தடுக்காது. கோடைதானேன்னு கம்பளி இல்லாம வராதீங்க, வானம் தெளிவா இருக்கற ராத்திரி விடியக்காலைல பல்லு அடிச்சுக்கும். வெளிச்சத்துக்கு நெத்தில மாட்டற டார்ச், கைல புடிக்கறது வேணாம், டாய்லெட்ல ரெண்டு கையும் வேணும் பாருங்க.

இடம் புடிக்கறப்ப பள்ளமான எடத்துல போடாதீங்க, மழை வந்தா தண்ணி அங்கதான் தேங்கும். டாய்லெட்டுக்குப் பக்கம் வசதின்னு தோணும், ரெண்டாவது நாள் நாத்தம் தெரியும், ராத்திரி முழுக்க நடமாட்டம் வேற. ஆணியை தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாயற மாதிரி சரிவா அடிங்க, அப்பதான் கயிறு இழுத்தாலும் புடுங்கிக்காது. காலைல எழுந்ததும் உள்பக்கம் ஈரமா இருந்தா டென்ட் ஒழுகுதுன்னு கடைக்காரரைத் திட்டாதீங்க, அது உங்க மூச்சுக்காத்து குளிர்ந்த துணில பட்டு தண்ணியானது, காத்து போறதுக்கு மேல இருக்கற ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா குறையும்.

கேள்வி: மழை வந்தா டென்ட் வாசலுக்கு உள்ள அடுப்பு வெச்சு சூடா ஏதாவது பண்ணிக்கலாம்ல?

கூடாது. இதுல மட்டும் நான் வளைஞ்சு குடுக்க மாட்டேன். கேஸ் அடுப்போ கரி அடுப்போ, மூடின எடத்துல எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு நிறமும் கெடையாது வாசனையும் கெடையாது, தலைவலி மயக்கம்னு ஆரம்பிச்சு தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். ரொம்ப பேர் ஏமாறுறது கரி அடுப்புலதான், நெருப்பு அணைஞ்ச மாதிரி தெரியும், குளிருக்கு இதமா இருக்கட்டும்னு உள்ள இழுத்து வெச்சுப்பாங்க, அது அதுக்கப்புறமும் பல மணி நேரம் அந்த வாயுவை விட்டுக்கிட்டே இருக்கும். இப்படி உயிர் போன குடும்பங்கள் இருக்கு. டென்ட் துணியும் லேசுல தீப்புடிக்கற சமாச்சாரம்தான். மழைன்னா சூடு பண்ணாம சாப்பிடறதை சாப்பிட்டுப் படுங்க.

மழையோட இடியும் வந்தா டென்ட் பாதுகாப்பு இல்ல, மரத்தடியும் இல்ல. மின்னல் தெரிஞ்சதுலருந்து எண்ணுங்க, 30 நொடிக்குள்ள இடி கேட்டா அது சுமார் 10 கிலோமீட்டருக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தம். உறுதியான கட்டடமோ கூரை மூடின காரோ பாத்துப் போங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சு வெளிய வாங்க.

கேள்வி: போன வருஷம் பக்கத்து டென்ட்ல விடிய விடிய ஸ்பீக்கர். கேட்டா "ஃபெஸ்டிவல்னா அப்படித்தான்"னு சொல்றாங்க. நான்தான் பழைய பஞ்சாங்கமா?

இல்லம்மா. மேடை இருக்கற எடத்துல விடிய விடிய ஆடட்டும், யார் கேக்கப்போறா. டென்ட் போட்டிருக்கற எடம் வேற. அங்க சுவர்னு இருக்கறது ஒரு சுத்து துணி, குறட்டையும் கேக்கும், குசுகுசுப்பும் கேக்கும், புருஷன் பொண்டாட்டி சண்டையும் கேக்கும். அதனாலதான் ரொம்ப எடத்துல அமைதி நேரம்னு ஒண்ணு போர்டுல எழுதியே வெச்சிருப்பாங்க, சில எடத்துல குடும்பத்தோட வர்றவங்களுக்கு தனிப் பகுதியே உண்டு. டிக்கெட் எடுக்கறப்பவே எந்தப் பகுதில எடம்னு பாத்து எடுங்க. போய் இறங்கின உடனே பக்கத்துல இருக்கறவங்களோட பேரு கேட்டு ரெண்டு வார்த்தை பேசி வெச்சுடுங்க, இது மரியாதைக்காக மட்டும் இல்ல, பேர் தெரிஞ்ச ஆள் நைட்டு ரெண்டு மணிக்கு "தம்பி கொஞ்சம் குறைச்சுக்கயேன்"னா கேப்பான், பேர் தெரியாத ஆள் கத்தினா சத்தம்தான் ஏறும். அதுக்கும் மசியலன்னா நீங்க போய் மல்லுக்கட்டாதீங்க, வாலன்டியர்ஸ் கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, குறுக்கு வழின்னு ரெண்டு டென்ட்டுக்கு நடுவுல பூந்து போறது. இருட்டுல கயிறு தடுக்கி நீங்க விழுறது உங்க பாடு, உள்ள தூங்கறவங்க மேல விழுந்தா?

கேள்வி: காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு பாட்டு கேக்கறதுக்கு வீட்லயே இருக்கலாமேன்னு என் தம்பி கிண்டல் பண்றான்.

பஞ்சு உதவாது, இயர்ப்ளக்தான் வேணும். 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம்னா, 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான், ஸ்பீக்கர் பக்கத்துல அதுக்கும் மேல போகும். போன காது திரும்ப வராதுன்னு தம்பி கிட்ட சொல்லுங்க, இப்ப சொன்னாதான் கேக்கும்.

கேள்வி: நாங்க போற எடத்துல உள்ள எதுவும் விக்கக்கூடாது, வாங்கக்கூடாது, எல்லாம் பரிசுதானாம். ஆனா "உன் தேவையை நீயே பாத்துக்கோ"ன்னும் போட்டிருக்காங்க. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? பண்டமாற்றா இது?

நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் குழப்பம் இருந்துச்சு. இந்தப் பழக்கம் பெருசா பரவினது அமெரிக்கால நடக்கற பர்னிங் மேன்ங்கற ஃபெஸ்டிவல்லருந்து. 1986ல சான் ஃப்ரான்சிஸ்கோ கடற்கரைல சின்னதா ஆரம்பிச்சது, 1990ல நெவாடால பிளாக் ராக் பாலைவனத்துக்குப் போச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான லாரி ஹார்வி 2004ல 10 கொள்கைகள் எழுதினார், வேற வேற ஊர்ல இதே மாதிரி நடத்த ஆசைப்பட்டவங்களுக்கு வழிகாட்டியா. யாரையும் சேத்துக்கறது, பரிசு குடுக்கறது, வியாபாரத்தை வெளில வெக்கறது, தன்னைத்தானே பாத்துக்கறது, கூட்டா உழைக்கறது, தடம் விடாம கிளம்புறது, வேடிக்கை பாக்காம பங்கெடுக்கறது இதெல்லாம் அதுல வரும். இப்ப சின்னச் சின்ன கேம்ப் கூட இதையே அங்கங்க மாத்தி வெச்சுக்கறாங்க.

பண்டமாற்று இல்லங்க. நான் குடுத்தேன் நீ என்ன தர்றன்னு கேட்டா அது பரிசே இல்ல, நோட்டு போட்டு எழுதற கணக்கு ஆயிடும். வாங்கறவங்களும் உடனே பையைத் துழாவ வேணாம், சந்தோஷமா வாங்கிக்கிட்டா போதும். பரிசுன்னதும் நூறு கீ செயின் செஞ்சு எடுத்துட்டு வந்து கைல திணிக்கறாங்க சிலர், எனக்கு அது புடிக்காது, ராத்திரிக்குள்ள பாதி தரைல கெடக்கும். ஆணி அடிக்க சுத்தியல் குடுக்கறது, கால் சுளுக்கினவங்க பையைத் தூக்கறது, நடு மத்தியானம் நிழல்ல எடம் விடறது, அதெல்லாம்தான் மனசுல நிக்கும்.

ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னா 2023ஐப் பாருங்க. பர்னிங் மேன்ல மழை பெஞ்சு பாலைவன மண்ணு பசை மாதிரி ஆகி, வண்டி எதுவும் நகர முடியாம 70,000 பேருக்கு மேல உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. சாப்பாடு தண்ணியைச் சிக்கனமா வெச்சுக்கோங்கன்னு நிர்வாகமே சொல்லிடுச்சு. தேவைக்கு மேல கொண்டு வந்திருந்தவங்க இல்லாதவங்களுக்குப் பகிர்ந்தாங்க. எல்லாருமே அடுத்தவன் தருவான்னு வெறுங்கையோட வந்திருந்தா குடுக்கறதுக்கு என்ன இருந்திருக்கும்? நீங்க உங்களைப் பாத்துக்கிட்டாதான் அடுத்தவங்களுக்கு நீட்ட கைல ஏதாவது மிஞ்சும், அதனால பரிசு என்னன்னு மண்டையை உடைச்சுக்காம ஒரு நாளுக்கான தண்ணி கூடுதலா எடுத்துக்கோங்க.

கேள்வி: நான் தனியா போறேன். அங்க எல்லாரும் ஃப்ரீயா பழகுவாங்கன்னு சொல்றாங்க, அதுதான் கொஞ்சம் பயமாவும் இருக்கு.

ஃப்ரீயா பழகறதுன்னா கேக்காம தொடலாம்னு அர்த்தம் இல்லம்மா. நல்லா நடக்கற எடங்கள்ல கட்டிப்புடிக்கறதுக்கு முன்னாடி கூட "ஓகேவா"ன்னு கேப்பாங்க. நீங்க வேணாம்னா வேணாம்தான், காரணம் சொல்லணும்னு அவசியமே இல்ல, போதைல இருக்கறவங்க சரின்னு தலையாட்டினா அது சம்மதமும் கெடையாது. ஃபோட்டோவும் அப்படித்தான், மூஞ்சி தெரியற மாதிரி எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும், குழந்தைன்னா அப்பா அம்மாவைக் கேக்கணும். யாராவது இந்த எல்லையைத் தாண்டினா "ஃபெஸ்டிவல்ல இதெல்லாம் சகஜம்"னு முழுங்கிடாதீங்க, போய்ச் சொல்லுங்க, அதுக்குன்னு ஆள் வெச்சிருப்பாங்க.

போன உடனே மெடிக்கல் டென்ட் எங்க, வாலன்டியர் பாயிண்ட் எங்கன்னு பகல்லயே நடந்து பாத்து வெச்சுக்கோங்க. அத்தனை பேர் ஒரே எடத்துல கூடினா போன் சிக்னல் படுத்துடும், சார்ஜும் இருக்காது, அதனால வீட்டு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. குடிக்கறது எதுவா இருந்தாலும் கீழ வெச்சுட்டுப் போயி திரும்ப வந்து எடுக்காதீங்க.

கேள்வி: வெயில்ல ஒருத்தர் சுருண்டு விழுந்தா என்ன பண்ணணும்?

வேர்த்துக் கொட்டி தலை சுத்துதுன்னா நிழல்ல படுக்க வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, உப்பும் சக்கரையும் கலந்ததா இருந்தா இன்னும் நல்லது. ஆனா பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியல, உடம்பு நெருப்பா கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், மெடிக்கல் ஆளைக் கூப்பிட ஒருத்தரை ஓட விட்டுட்டு நீங்க உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. நினைவு இல்லாதவங்க வாய்ல எதையும் ஊத்தாதீங்க. குடிச்சிருந்தாரோ வேற ஏதாவது எடுத்திருந்தாரோ அதை டாக்டர் கிட்ட மறைக்காதீங்க, அவங்க கேக்கறது மருந்து குடுக்கறதுக்காக.

கேள்வி: டென்ட் விலை கம்மிதான். கடைசி நாள் அப்படியே விட்டுட்டு வந்தா யாராவது ஏழைங்களுக்குக் குடுப்பாங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றா. சரிதானே?

சரியில்ல. ஃப்ரெண்டுக்கு யாரோ காதுல பூ சுத்திருக்காங்க. சேறும் ஈரமுமா கெடக்கற டென்ட்டை எடுத்து அலசி காய வெச்சு குடுக்கறதுக்கு யாருக்கு ஆள் இருக்கு? துணி ஒரு வகை, கம்பி ஒரு வகை, ஜிப் ஒரு வகைன்னு இருக்கறதால மறுசுழற்சியும் சுலபம் இல்ல, பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி ஃபெஸ்டிவல் நடக்கற வொர்த்தி ஃபார்ம் நெசமாவே மாட்டுப் பண்ணை, கூட்டம் கலைஞ்சதும் மாடுங்க அதே புல்லுல மேய வரும். நீங்க மண்ணுல விட்டுட்டு வந்த ஒரு ஆணி அதுங்க காலையோ வாயையோ கிழிக்கும். அந்த நெலம் ஆறட்டும்னு 2018ல அவங்க ஃபெஸ்டிவலையே நடத்தல.

கிளம்புறப்ப எல்லாத்தையும் மூட்டை கட்டினப்புறம் எல்லாரும் வரிசையா நின்னு குனிஞ்சபடியே உங்க எடத்தை ஒரு தடவை நடந்து பாருங்க. சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, ஒட்டற ஜிகினா, கேபிள் டை வெட்டின நுனி, இதுங்கதான் கண்ணுக்குத் தப்பும். ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக், மண்ணுலருந்து பொறுக்கவே முடியாது, அதனால வீட்லயே விட்டுட்டு வாங்க. டாய்லெட் க்யூ நீளம்னு வேலியோரம் ஒதுங்கறதும் வேணாம், ஆயிரக்கணக்கான பேர் அப்படிப் பண்ணா எல்லாம் பக்கத்து ஓடைலதான் போய்ச் சேரும். டாய்லெட்டே இல்லாத காட்டுப் பக்கம்னா தண்ணிலருந்து 60 மீட்டராவது தள்ளி, 15லருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடணும், பேப்பரைப் பையில போட்டு திரும்ப எடுத்துட்டு வந்துடணும். ஆமா, திரும்ப. மூக்கைச் சுளிக்காதீங்க, ஒரு ஜிப் போட்ட கவர் போதும்.

கேள்வி: எங்க நாய்க்குட்டியையும் கூட்டிட்டுப் போலாமா?

வேணாம்மா. நமக்கே காதடைக்கற சத்தம், அதுக்கு எப்படி இருக்கும்? ரொம்ப எடத்துல கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் நாலு நாளும் நீங்களும் அதுவும் பார்க்கிங்லதான் உக்காந்திருக்கணும்.