எட்டுத் தீச்செங்கல் அடுக்கியும் இரும்பு சிவக்கவில்லை: வீட்டில் எரிவாயு உலை கட்டுவது எப்படி?

தலவாக்கலைக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கும் நீங்கள், தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி அடுப்பைப் புதுப்பித்தபோது கழித்துப் போட்ட தீச்செங்கற்களில் எட்டைக் கேட்டு வாங்கிப் பெட்டிபோல் அடுக்கி, சமையல் அடுப்பின் ரெகுலேட்டரிலேயே வாயுச் சுடரைப் பாய்ச்சும் டோர்ச்சொன்றை மாட்டி முக்கால் மணி நேரம் எரித்தும், அடிப்பதற்காக உள்ளே வைத்த லொறி ஸ்பிரிங் துண்டு கருஞ்சிவப்பைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டோர்ச்சை மாற்றுவதா, கற்களைக் கூட்டுவதா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் முன்பாக உட்சுவரை மாற்றுங்கள் என்பதே என் பதில்.

என் அப்பா ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் பிட்டராக இருந்தார். சித்தப்பா கரி உலையில் கவ்வாத்துக் கத்தியும் சுரண்டியும் அடித்துக் கொடுத்தவர். அவர் பட்டறையில் துருத்தி பிடித்து வளர்ந்த நான் எரிவாயுவுக்கு மாறியபோது செய்த முதல் உலையும் உங்களுடையதைப் போன்ற கல் பெட்டிதான். அது ஏன் சூடேறவில்லை என்பது எனக்குப் புரிய ஒரு முழுச் சிலிண்டர் செலவாயிற்று. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கரி உலையில் இரும்பு எரியும் கரிக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. எரிவாயு உலையில் அப்படியன்று. சுடர் முதலில் சுவரைச் சூடாக்க, பழுத்த சுவர் வீசும் அனல்தான் இரும்பை எல்லாப் பக்கமும் சமமாகப் பழுக்க வைக்கிறது. ஆகவே சுவர் பழுக்காத வரை இரும்பும் பழுக்காது. உங்கள் கற்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம் எடையுள்ளவை என்றால், எட்டும் சேர்ந்து 28 கிலோகிராம். ஒரு கிலோகிராம் கல்லை 1000 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோகிராம் எரிவாயு எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 46 மெகாஜூல். அதாவது, ஒரு துளி வெப்பமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், கல்லை மட்டும் பழுக்க வைக்க அரைக் கிலோவுக்கு மேல் எரிவாயு போய்விடும். உண்மையில் பெரும்பகுதி வாய்வழியே புகையோடு வெளியேறுவதால் செலவு அதைப் போல் பல மடங்கு. தொழிற்சாலை அடுப்பு நாள் முழுதும் எரிவது. கனத்த கல் அங்கே வெப்பத்தைச் சேமித்து வைத்து உதவும். மாலையில் ஒரு மணி நேரம் வேலை செய்யும் நமக்கு அதே குணம் பகையாகிறது.

நமக்கு வேண்டியது எடையே இல்லாத சுவர். தொழிலில் அதைச் செராமிக் வூல் என்பார்கள்; கொதிகலன், சூளை வேலை செய்பவர்களிடம் கேட்டால் தெரியும். வெள்ளைப் பஞ்சுப் போர்வைபோல 25 மில்லிமீற்றர் தடிப்பில் சுருளாக வரும்; கன மீற்றருக்கு 128 கிலோகிராம் அடர்த்தியுள்ளதைக் கேளுங்கள். 1260 பாகைத் தரம் தொடக்கத்துக்குப் போதும். 1425 பாகைத் தரம் கிடைத்து, கையில் காசும் இருந்தால் அதையே வாங்குங்கள். நான் கீழே சொல்லும் அளவுக்கு இரண்டு அடுக்காக வைத்தாலும் மொத்த எடை ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். 28 கிலோ எங்கே, ஒன்றரைக் கிலோ எங்கே? வெப்பத்தைக் கடத்தும் அளவிலும் அது கனத்த தீச்செங்கல்லில் ஒரு சிறு பங்குதான். கண்ணாடிப் பஞ்சை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். அது இந்தச் சூட்டில் உருகிவிடும். சீமெந்துச் சாந்து பூசாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகிச் சில்லுகளாக வெடித்துச் சிதறும், எனது முதல் உலையில் அப்படிச் சிதறியதில் கண் தப்பியது அதிர்ஷ்டத்தால்தான். லயத்துக் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைத்துத் திணிக்கலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருபோதும் கூடாது, அதன் தூசி பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

வெளிக்கூட்டுக்கு இரும்புக் கடையில் 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்த் துண்டொன்றை 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். பழைய சமையல் சிலிண்டரை வெட்டும் எண்ணம் வேண்டாம். அது முற்பணத்துக்கு நமக்குத் தரப்பட்ட நிறுவனச் சொத்து என்பதோடு, மிச்ச வாயு தீப்பொறியில் வெடித்து உயிரை வாங்கிவிடும். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயானால் தவிர்த்துவிடுங்கள். நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாவது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டுவிடும்.

போர்வை 61 சென்ரிமீற்றர் அகலச் சுருளாக இருந்தால் ஒரு மீற்றர் நீளம் வெட்டி வாங்குவது போதும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முதல் கீற்றை 79 சென்ரிமீற்றருக்கும் இரண்டாவதை 63 சென்ரிமீற்றருக்கும் நறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளே வளைத்து வையுங்கள். இரு பொருத்துகளும் ஒரே இடத்தில் வராமல் எதிர்ப்பக்கங்களில் இருக்கட்டும். இந்த வேலையை வீட்டு வாசலில், நல்ல தூசிக் கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, பிள்ளைகளைத் தூரவைத்துச் செய்யுங்கள். இந்த நார் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற ஐயப்பட்டியலில் உள்ளது. நெடுங்காலம் கடும் வெப்பம் பட்ட பிறகு அதில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் உருவாகிறது, அது ஐயத்துக்கு இடமின்றித் தீயது. ஆதலால் நாரைத் திறந்த நிலையில் விட்டு உலையை எரிப்பது, எத்தனை பேர் படம் போட்டுக் காட்டினாலும், தவறு.

அதை மூடும் முறை இரண்டு கட்டமானது. கூழ்ம சிலிக்காவை, அதாவது மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் மிதக்கும் நீர்மத்தை, நீரில் கலந்து உள்முகம் நனையத் தெளித்து, மெல்லிய சூட்டில் காயவிட்டால் பஞ்சு அட்டைபோல் விறைக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சோடியம் சிலிக்கேட்டை உள்ளே பூசினால் அது உயர் வெப்பத்தில் நாரையே இளக்கிவிடும். விறைத்த முகத்தின்மேல், உயர் அலுமினா காஸ்டபிள் எனப்படும் சூளைச் சாந்தை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குப் பூசுங்கள். பூசுமுன் முகத்தைச் சற்று ஈரமாக்கினால்தான் சாந்து ஒட்டும். வெறும் களிமண்ணைப் பூசினால் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். தீச்செங்கல் தூளைத் தாராளமாகக் கலந்தால் ஓரளவு தாங்கும், ஆனாலும் சாந்துக்கு ஈடாகாது. பூசியதை ஒரு நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். பிறகு காயவிட வேண்டும், நம் மலையில் இதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். மூடுபனியும் தூறலும் விடாத மாதங்களில் ஒரு வாரம்கூடப் போதாது. நான் 60 வாற்று குமிழ் விளக்கொன்றை உள்ளே எரியவிட்டு, உலையின் வாயருகே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பார்ப்பேன்; கண்ணாடி மங்கினால் ஈரம் இன்னும் இருக்கிறது. மங்காமல் நின்ற பிறகே சுடரை, அதுவும் சில நிமிடங்கள் எரித்துச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, காட்டத் தொடங்குவேன்.

உங்களிடமிருக்கும் தீச்செங்கற்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பழுத்த இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அடித்து ஒட்டும்போது தூவும் பொரிகாரம் உருகி நாரைச் சீனிபோல் கரைத்துவிடும், கனத்த கல்தான் அதைச் சற்றுத் தாங்கும். ஆகவே ஒரு கல்லை மெல்லிய பலகையாக அறுத்துத் தளமாகப் போடுங்கள். மற்றவை கதவுகள். கதவைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ உலையின் பாதி அதுதான். 1200 பாகையில் பழுத்திருக்கும் உலையின் வாயில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் திறப்பு இருந்தால், அதன்வழியே அனலாக மட்டும் ஏறத்தாழ 2.6 கிலோவாற்று வெளியேறிக்கொண்டிருக்கும். நீங்கள் கவனமாகக் காப்பிட்ட சுவர் முழுதும் சேர்ந்து இழப்பதைவிட இது பல மடங்கு. முன்னும் பின்னும் கற்களை நகர்த்தி, அன்றைய இரும்பு நுழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே திறந்து வையுங்கள். முற்றாக அடைத்தும் விடாதீர்கள். எரிந்த வாயு வெளியேற வழியின்றிச் சுடர் குழாய்க்குள் பின்வாங்கும்.

இனி டோர்ச்சுக்கு வருகிறேன். வீட்டு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தம் மட்டுமே தரும்; காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் டோர்ச்சுக்கு 0 முதல் 2 பார் வரை திருகிக் கூட்டக்கூடிய உயரழுத்த ரெகுலேட்டரும், அதற்கேற்ற குழாயும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அடைப்பு வால்வும் தேவை. மேற்சொன்ன அளவில் உள்வெளி நான்கு லீற்றருக்குள் இருப்பதால் முக்கால் அங்குலக் குழாயில் செய்த ஒரே டோர்ச் தாராளம். வாயு பாயும் முனைக்கு வெல்டிங் கடையில் விற்கும் செப்பு முனையே பொருந்தும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தலவாக்கலையிலும் கணிசமாகக் குறைவுதான். ஆகவே கொழும்பில் ஒருவர் சொன்ன முனை அளவு நம்மிடம் வாயு கூடிய மஞ்சள் சுடரைத் தரலாம். காற்று வாயிலை முழுதும் திறந்தும் மஞ்சள் போகவில்லையானால் ஒரு படி சிறிய முனையைப் போடுங்கள். டோர்ச்சின் நுனி உட்சுவரைவிட ஒரு விரற்கடை பின்தங்கி, சுடர் சுவரைத் தழுவிச் சுழலும்படி சாய்ந்திருக்கட்டும்.

குளிருக்கும் ஒரு வழி வேண்டும். நமக்கு வரும் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் −42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேனோ −0.5 பாகையில்தான். தை மாதக் காலையில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் குளிரில் பியூட்டேனின் அழுத்தம் பெயரளவுக்கே இருக்கும். போதாக்குறைக்கு, திரவம் வாயுவாக மாறும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்வதால் அதன் புறத்தில் வெண்பனி படியும், சுடர் தளரும். 2.3 கிலோ, 5 கிலோ சிலிண்டர்கள் இதில் சீக்கிரம் தோற்றுவிடும். 12.5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி, கை வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் நீர் நிரம்பிய தொட்டியில் நிற்க வையுங்கள். நெருப்பருகே வைத்துச் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம். மின்விசிறி ஊதும் டோர்ச்சானால் குறைந்த அழுத்தமே போதும் என்பது உண்மை, ஆயினும் மழைக்காலத்தில் மின்சாரம் நின்ற நொடியில் வாயு மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும். மின்சாரம் போனதும் தானே மூடிக்கொள்ளும் வால்வு இல்லாமல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். லயத்துச் சமையலறையில் வேண்டாம். குளிருக்குச் சன்னலை அடைத்த அறையில் உலை எரிந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு மணமின்றிச் சேரும். எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் சரிவில் இறங்கிக் கானுக்குள்ளும் பக்கத்து வாசலிலும் தேங்கும். நாற்புறமும் திறந்த தகரக் கொட்டகை நல்லது, ஆனால் காற்றின் திசையைப் பாருங்கள். மலைநாட்டின் தென்விளிம்பிலுள்ள சமனலவெவவில் தொல்லியலாளர் ஜிலியன் ஜுலெஃப் அகழ்ந்து கண்ட பண்டைய இரும்புருக்கு உலைகள், தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கிக்கொள்ளும்படி மலைமுகட்டில் கட்டப்பட்டவை. அந்தக் காற்றே அவர்களுக்குத் துருத்தியாக இருந்தது. நம் டோர்ச்சுக்கு அதே காற்று சுடரைக் குலைத்து அணைத்துவிடும் என்பதால், ஆடி மாதத்தில் காற்றுவரும் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் எரிக்குமுன் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். எரியும் கடதாசியை உள்ளே வைத்த பிறகே வாயுவைத் திறவுங்கள், மறுதலையாக ஒருபோதும் செய்யாதீர்கள். பத்து நிமிடத்தில் சுவர் செம்மஞ்சளாகப் பழுக்க வேண்டும். என் உலை அப்படிப் பழுத்து, மணிக்கு முக்கால் கிலோகிராம் அளவில் வாயு குடிக்கிறது, சிலிண்டரை நிறுத்துப் பார்த்தே சொல்கிறேன். வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சியதை எரிந்து தீரவிட்டு, பிறகு மற்ற வால்வுகளை மூடுங்கள். உலை முற்றாக ஆறியபின் மெழுகுத்துணியால் மூடிக் கட்டுங்கள். நம் மூடுபனியின் ஈரத்தை அந்த உட்சுவர் இரவோடிரவாக உறிஞ்சிக்கொள்ளும். மூட மறந்தால், மறுநாள் அதை முதல் நாள்போல மீண்டும் மெல்லக் காயவைத்த பின்பே முழுச் சுடரைக் காட்டலாம்.