நிறமும் நகையும் – கடிதம்

வணக்கம் தம்பி,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய மதிப்புரைகளை வாசித்தேன். மேடை நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் தன்வரலாறான ‘பார்ன் எ கிரைம்’, ‘மேடம் அண்ட் ஈவ்’ படக்கதைத் தொகுப்பு, ‘பிட்டர்கோமிக்ஸ்’ படக்கதை இதழ்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பேசி, நிறபேதத்தைப் பற்றிய நகைச்சுவை நம் தென்னாப்பிரிக்காவின் பெரிய செல்வம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1949 ஜனவரியில் என் பெற்றோர் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தார்கள். இந்தியர்களை ஆப்பிரிக்கர்கள் தாக்கிய கலவரத்தின்போது, பக்கத்தில் குடியிருந்த ஒரு ஜூலு அம்மாள்தான் என் அம்மாவையும் அக்காவையும் தன் வீட்டுக்குள் மறைத்துவைத்தார். பிறகு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அந்த வீடும் போயிற்று, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். இதையெல்லாம் பட்டவர்கள் வீட்டில் நிறத்தை வைத்துச் சிரிப்பது எப்படி? நோவாவின் புத்தகத்தை இரண்டு அத்தியாயங்களோடு மூடிவிட்டேன். போன வாரம் என் பதின்மூன்று வயதுப் பேரன் ஒரு மேடை நகைச்சுவை வீடியோவைக் காட்டினான். நம்மவர் ஒருவர் நம் பாட்டிமார் பேசும் ஆங்கிலத்தைப் பேசிக் காட்டுகிறார். அரங்கமே சிரிக்கிறது. பேரனும் சிரித்தான். என் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது எனக்கு. சிரிப்பு காயத்தை ஆற்றும் என்கிறார்கள். ஆறாத காயத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பேரனுக்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு வகைச் சிரிப்பு இருக்கிறது. ஒன்று நோவாவுடையது. மற்றது பாட்டியின் பேச்சைப் பிடித்துக் காட்டிய மேடைக்காரருடையது. இரண்டும் உங்களை ஒரே இடத்தில் நோகடித்திருக்கின்றன. ஆனால் அவை பிறந்த இடம் வேறு. அதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நோவாவின் புத்தகம் 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வாசகத்தோடு தொடங்குகிறது. வெள்ளையரும் ஆப்பிரிக்கரும் உடலுறவு கொண்டால் ஆணுக்கு ஐந்து ஆண்டுகள் வரை, பெண்ணுக்கு நான்கு ஆண்டுகள் வரை சிறை என்று சொன்ன சட்டம் அது. 1950இல் அதை மற்ற நிறத்தவருக்கும் விரித்தார்கள். 1985இல்தான் அந்தத் தடை நீங்கியது. நோவா பிறந்தது 1984இல். தாய் கோசா இனத்தவர், தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். ஆக, குழந்தையே குற்றத்தின் சாட்சியம். மகனைப் பூங்காவுக்கு அழைத்துப்போகத் தாய் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். கலப்பினத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தாய்போல முன்னால் நடக்கவிட்டு, வேலைக்காரிபோலத் தான் பின்னால் நடக்கிறார். அந்தக் காலப் புகைப்படங்களில் முன்னால் நிற்பவர் வேறொருத்தி. பின்னால் தற்செயலாகப் படத்தில் விழுந்தவர்போல நிற்பவர்தான் பெற்ற தாய். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்னே தொண்டை அடைத்தது. அந்தச் சிரிப்பு யாருடைய தோலையும் பார்த்து எழுந்ததில்லை, அம்மா. ஒரு சட்டத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்து போனால் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான இடத்துக்குக் கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்து எழுந்தது. சட்டத்தின் வாசகத்தை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் அவர் கதை சொல்ல வருகிறார். கணக்கைக் காட்டிவிட்டுப் பேசுகிறவர் அவர்.

நிறத்தைப் பற்றிய நகைச்சுவையில் நான் தேடுவது இதைத்தான். ஒருவனை மேலேயும் ஒருத்தியைக் கீழேயும் வைத்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்கிறதா? சட்டம், சம்பளம், பின்கட்டு அறை, பஸ்ஸில் யார் எங்கே உட்காரலாம் என்பது எல்லாம் தெரிந்து சிரிக்கிறாரா, அல்லது தோலையும் நாக்கையும் மட்டும் தெரிந்துகொண்டு சிரிக்க வைக்கிறாரா?

உங்கள் பேரன் காட்டியது இரண்டாவது வகை. அது உங்களை நோகடித்ததில் வியப்பில்லை. ஆனால் நம் பேச்சு மேடையேறுவதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டோ மேனரில் பிறந்த ரானி கோவெண்டர் 1970களில் ‘தி லானீஸ் பிளெஷர்’ என்ற நாடகத்தை எழுதினார். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டப் பக்கத்து மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் கதை. லானி என்றால் நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்கார முதலாளி என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் கேட்ட அதே ஆங்கிலம்தான் அந்த நாடகத்திலும். ஆனால் அங்கே அந்தப் பேச்சு ஒருவன் யோசிக்கும் விதம். லானியின் முன்னால் அவன் எங்கே குரலைத் தாழ்த்துகிறான், எங்கே விழுங்குகிறான், எங்கே கடைசியில் விழுங்க மறுக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேயே நடக்கிறது. கோவெண்டருக்குப் பிறகு வந்த பல மேடைக்காரர்கள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு லானியை விட்டுவிட்டார்கள். யாருக்கு எதிரே அப்படிப் பேசினார்கள் என்பது போய்விட்டால் மிஞ்சுவது பாட்டியின் நாக்கு மட்டுந்தான்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கில் எள்ளலை முதலில் வைக்கிறார். அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது. இந்த இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. டர்பன் தமிழர்களாகிய நமக்கு எதிராக இந்த நாடு சொன்ன எள்ளல்கள் எத்தனை! 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும், 1961 வரை இந்த அரசு நிரந்தரக் குடிகளாக ஏற்கவில்லை. நூறு ஆண்டுகளாக நாம் எப்போது ஊர் திரும்புவோம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். பிரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கக்கூடாது என்ற 1891ஆம் ஆண்டுத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஜோகன்னஸ்பர்க் கல்யாணத்துக்கு டர்பனிலிருந்து காரில் போன குடும்பங்கள், சோற்றுப் பானையோடும் தூங்கும் பிள்ளைகளோடும், ஹாரிஸ்மித்தில் தங்க வழியில்லாமல் அந்த மாகாணத்தைக் கடந்து போயின. நோவாவின் பூங்காவுக்குச் சற்றும் குறையாத காட்சி இது. சித்தப்பா ஒருவர், அழும் குழந்தை ஒன்று, எல்லை தாண்டும்வரை எங்கும் தங்கக்கூடாது என்ற சட்டம் ஒன்று. இதை வரையவோ நடிக்கவோ முன்வருபவருக்கு முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன்.

இனி ‘மேடம் அண்ட் ஈவ்’. இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

1992இல், முதல் பொதுத்தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ‘வீக்லி மெயில்’ பத்திரிகையில் இந்தப் படக்கதை தொடங்கியது. ஸ்டீபன் பிரான்சிஸ், ஹாரி டக்மோர், ரிகோ ஷாகெர்ல் என்ற மூவர் தொடங்கியது; மூவரும் வெள்ளையர். ஜோகன்னஸ்பர்க்கின் வசதியான வீடு ஒன்று. எஜமானி க்வென் ஆண்டர்சன். வேலை செய்பவர் ஈவ் சிசுலு. எஜமானியின் தாய், கையில் ஜின் கோப்பையோடு இருப்பார். தெருவில் சோளம் விற்கும் பெண்ணைக் கவணால் அடிப்பார். நாடு மாறிக்கொண்டிருந்தபோது பத்திரிகைகள் ஊர்வலங்களையும் பேச்சுவார்த்தை மேசைகளையும் பார்த்துக்கொண்டிருந்தன. இவர்கள் சமையலறையைப் பார்த்தார்கள். வாக்குரிமை வந்த பிறகும் சம்பள உயர்வு கேட்டால் பேச்சை மாற்றும் மேடம், எந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே அறிந்த ஈவ். அந்த வீட்டில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் ஈவ்தான்.

குறையும் உண்டு. கதை பெரும்பாலும் மேடத்தின் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஈவ் தன் ஊருக்குப் போகும் மினிபஸ்ஸில் நாம் அதிகம் ஏறுவதில்லை. வெள்ளையர் மூவரின் கண் எட்டும் தூரம் அவ்வளவுதான் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் தங்கள் வீட்டுச் சமையலறையைத் தாங்களே வரைந்தார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறேன். 2012இல் பிரிட்டோரியாவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த மரியா மஹ்லங்கு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். வீட்டு வேலையாட்களுக்கு விபத்து இழப்பீடு உண்டு என்று அவர் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது 2020 நவம்பரில்தான். ஈவ் பத்திரிகையில் பேசத் தொடங்கி 28 ஆண்டுகள் கழித்து. சட்டத்தின் கண்ணுக்கு அத்தனை நாள் தெரியாமலிருந்த ஒருவரைத் தினமும் வாசகர் கண்முன் நிறுத்தியது அந்தப் படக்கதை.

நம் சமையலறையை யார் வரைந்திருக்கிறார்கள்? சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் ரெசர்வாயர் ஹில்ஸிலும் ஜூலுப் பெண்கள் வேலை செய்யாத தெரு இல்லை. பல வீடுகளில் அவருக்கென்று ஒரு எனாமல் குவளையும் ஒரு தட்டும் தொட்டிக்குக் கீழே தனியாக இருக்கும். நாம் அவரிடம் பேசுவது அரைகுறை பனகலோ, ஜூலுவும் ஆங்கிலமும் கலந்த ஏவல் மொழி. அவர் நம்மைப் புரிந்துகொள்ளக் கற்றிருப்பது முழு வீட்டையும். புரட்டாசி பிறந்தால் எந்தப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றவேண்டும், எதை இறக்கவேண்டும் என்று மருமகளைவிட அவருக்குத் தெரியும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் விடியற்காலையில் முற்றம் கழுவுபவர் அவர். நாள்காட்டி முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் பிறந்தநாள் நமக்குத் தெரியாது. இதில் எத்தனை படக்கதைகள் இருக்கின்றன, அம்மா! எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வெட்கம்! வெள்ளைக்கார மேடத்தைப் பார்த்து நாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். மேடம் இடத்தில் ஒரு கோவெண்டர் அம்மாவையோ பிள்ளை அம்மாவையோ வைத்து நம் ஆள் ஒருவர் வரைந்ததை நான் பார்த்ததில்லை. அதை வரையவேண்டும் என்பதுதான் மதிப்புரை எழுதும்போதெல்லாம் என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஆசை.

1949ஐப் பார்த்துச் சிரியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களில் இறந்தவர்கள் 142 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அதில் 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர். நம் வீடுகளில் சொல்லப்படும் கதையில் அந்த 50 மட்டுமே இருக்கிறது. 87 பேர் எப்படிச் செத்தார்கள், அதில் போலீசும் படையும் சுட்டது எவ்வளவு என்று நம் பிள்ளைகள் கேட்டு நான் கேட்டதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் 36 பேர் இறந்ததாக அரசு அறிவித்தபோதும் இதே நடந்தது: அவரவர் கணக்கு அவரவருக்கு. அந்த வாரங்களில் கைபேசிக்குக் கைபேசி பரவிய துணுக்குகளைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. அவை தோலை மட்டும் தெரிந்துகொண்ட துணுக்குகள். உங்கள் அம்மாவை மறைத்துவைத்த அந்த அம்மாளுக்கு அந்த உலகத்தில் இடமே இல்லை. கோவெண்டரின் கேட்டோ மேனர் சிறுகதைகளில் 1949ஐப் பற்றிய கதையும் உண்டு. அதே தொகுப்பில் வாய்விட்டுச் சிரிக்கும் கதைகளும் உண்டு. இரண்டையும் ஒரே கை எழுத முடிந்தது.

‘பிட்டர்கோமிக்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை. ஆன்டன் கன்னமேயரும் கான்ராட் போட்டஸும் 1992இல் தொடங்கியது. டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் வீட்டின் தந்தை, பள்ளி, தேவாலயம் எல்லாவற்றையும் அவர்கள் கிழித்துப் போட்ட துணிச்சலைத்தான் நான் பாராட்டினேன். கன்னமேயர் பிற்காலத்தில் பழைய ஐரோப்பியப் படக்கதைகளின் தடித்த உதட்டுக் கறுப்பு உருவங்களைத் திரும்ப வரைந்து, வெள்ளையரின் அச்சத்தைக் கேலிசெய்தார். நோக்கம் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஆப்பிரிக்க வாசகருக்கு அங்கே தன் உடல் மட்டும்தான் இருக்கிறது, தான் இல்லை. அந்தப் படங்களை நான் பாராட்டவில்லை, பாராட்டவும் மாட்டேன். பேரனுக்கு இவை வேண்டாம்.

அவனுக்கு லோயிசோ மகிஸேயின் ‘க்வேசி’யைக் கொடுங்கள். 2014இல் வெளிவரத் தொடங்கிய படக்கதை. சக்தி கிடைத்த ஒரு கறுப்பினச் சிறுவன் முதலில் தலைக்கனத்தோடு திரிந்து, பிறகு தன் வேர்களைத் தேடிப் போகிறான். தென்னாப்பிரிக்க நகரத்தின் பேச்சு அதில் அப்படியே இருக்கிறது. பதின்மூன்று வயதுக்குப் பிடிக்கும். கேப் டவுனின் ட்ரான்ட்ரால் சகோதரர்கள் வரைந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற வரலாற்றுப் படக்கதையும் நல்லது. தங்கள் குடிசைகளை இடிக்க வந்த அரசை எதிர்த்து நின்ற பெண்களின் கதை. இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்து அவனுக்கு அது சரியாக இருக்கும்.

நோவாவின் புத்தகத்துக்கு இளம் வாசகர்களுக்கான பதிப்பு 2019இல் வந்தது. அதை வாங்குங்கள். ஆனால் அவனுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் முழுப் பதிப்பின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். மாற்றாந்தந்தை தாயைத் தலையில் சுடுகிறான். மருத்துவமனையில் கண்விழித்த தாய், அழும் மகனைப் பார்த்து, இனி இந்தக் குடும்பத்தில் அழகான முகம் உன்னுடையதுதான் என்று சொல்கிறார். அந்த வீட்டில் அடி பல ஆண்டுகளாக விழுந்துகொண்டிருந்தது, போலீஸ் எழுதிக்கொள்ள மறுத்தது என்பதையெல்லாம் அதற்கு முன்பே நோவா சொல்லிவிடுகிறார். பேரன் அதைப் பற்றிக் கேள்வி கேட்பான். பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அன்புடன்.